கோடி போகும் ஏரியில் மீன் எப்படி நிற்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாலாஜா பக்கத்து அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மழைக்குப் பிறகு எங்கள் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. உபரித் தண்ணீர் வழியும் கலங்கலுக்குக் கீழே ஆள் நிற்க முடியாத வேகத்தில் தண்ணீர் ஓடுகிறது. அதில் சாண் நீளக் கெண்டைகள் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் ஒரே இடத்தில் நிற்கின்றன. திடீரென்று எதிர்த்து மேலேயும் ஏறுகின்றன. ஒன்பதாவது படிக்கும் என் மகன், மீனின் வழவழப்பும் கூர்மையான மூக்கும்தான் காரணம் என்கிறான். சுறாத் தோல் மாதிரி உடை போட்டால் மனிதனும் அப்படி நீந்தலாமாம். இதில் எது சரி? இதை வைத்துப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்யலாமா?"

நான் காட்பாடிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்துகிறேன். எங்கள் சிலபஸில் பம்பு, பைப்பு, டர்பைன் எல்லாம் உண்டு, மீன் கிடையாது. மீனைப் பற்றிப் படித்தது சொந்த ஆசையில். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூக்கிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக மூக்கு கூராக இருக்க வேண்டும் என்பது கேட்பதற்குச் சரியாக இருக்கும். உண்மையில் முன்பக்கம் பெரிய பிரச்சினையே இல்லை. தண்ணீர் விலகுவதற்கு அடம்பிடிக்காது. மூக்கு உருண்டையாக இருந்தாலும் அழகாக இரண்டு பக்கமும் பிரிந்து வழிவிடும். அப்படி விலகிய தண்ணீரை உடம்பை விட்டுப் பிய்ந்துபோகாமல் கடைசிவரை ஒட்டவைத்து, வாலுக்குப் பின்னால் ஒழுங்காகச் சேர்த்துவிடுவதுதான் கஷ்டமான வேலை. நீந்தும் உயிர்கள் செய்கிற தந்திரங்களில் முக்கால்வாசி இந்தப் பின்பக்க வேலைதான்.

இதை நம் ஊரிலேயே பார்க்கலாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவிலுள்ள பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் எல்லோரும் தூணில் தண்ணீர் மோதும் பக்கத்தைத்தான் பார்த்திருப்பார்கள், நுரையும் சத்தமும் அங்கேதான். விஷயம் இருந்தது தூணின் மறுபக்கத்தில். தூணைச் சுற்றிவந்த தண்ணீர் பாதி வழியிலேயே தூணை விட்டுப் பிரிந்து, ஒருமுறை இடப்பக்கம் ஒரு சுழலும் அடுத்து வலப்பக்கம் ஒரு சுழலுமாக மாறி மாறிக் கழன்று போகும். தூண் இரண்டு மீட்டர் அகலம், நீரோட்டம் நொடிக்கு இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய இரண்டரை நொடிக்கு ஒரு சுழல். தூணுக்கு நேர்பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உண்டாகிறது. முன்னால் அதிக அழுத்தம், பின்னால் குறைவான அழுத்தம் என்றால் தூணைத் தண்ணீர் ஓட்டத்தின் போக்கில் இழுக்கத்தானே செய்யும்? அந்த இழுவைக்குப் பெரும்பங்கு காரணம் பின்பக்கம்தான். இந்தச் சுழல் வரிசையைக் கணக்குப் போட்டு விளக்கியவர் தியோடர் ஃபான் கார்மான், 1911-12 வாக்கில். அவர் பெயரிலேயே இதைக் கார்மான் சுழல் வரிசை என்பார்கள். கீழே மறுபடியும் வரும், நினைவில் வையுங்கள்.

தண்ணீர் ஏன் பாதி வழியில் பிரிகிறது? எந்தப் பொருளைத் தொட்டாலும், தொட்ட இடத்தில் தண்ணீர் அதோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவியது மாதிரி பளபளப்பாக இருந்தாலும் சரி, அந்தக் கடைசிப் படலம் நழுவாது. அதிலிருந்து வெளியே போகப் போக வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இந்த மெல்லிய, மந்தமான அடுக்கை எல்லைப் படலம் என்று அடையாளம் காட்டியவர் லுட்விக் பிராண்டில், 1904இல். உங்கள் சாண் நீளக் கெண்டை நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் போனால், வால் பக்கம் இந்தப் படலம் சுமார் 3 மில்லிமீட்டர் கனம் இருக்கும். உடம்பின் பருத்த இடத்தைத் தாண்டிய பிறகு, வாலை நோக்கிப் போகப் போக அழுத்தம் ஏறும். வெளியே வேகமாக ஓடும் தண்ணீர் அந்த ஏற்றத்தைச் சமாளித்துவிடும். படலத்தில் இருக்கும் மந்தமான தண்ணீருக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அது நின்று, சில சமயம் திரும்பிக்கூட ஓடி, மேலே வருகிற தண்ணீரை உடம்பிலிருந்து தள்ளிவிடும். அங்கேதான் பிரிவு.

ஆகவே பருத்த இடத்திலிருந்து வால்வரை மெதுவாக, ரொம்ப மெதுவாக மெலிந்துபோனால் அழுத்தம் திடீரென்று ஏறாது, தண்ணீரும் பிரியாது. இது மட்டும் எவ்வளவு ஆதாயம் என்றால், ஒரு உருட்டுக் கம்பிக்கும் அதைவிடப் பத்து மடங்கு தடிமனான மீன்வடிவத் துண்டுக்கும் இழுவை ஏறக்குறைய ஒன்றுதான். விமானத்துக்கு முன்னோடி வேலைகள் செய்த இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் கேலி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டிரவுட் மீனின் உடம்பை இடம் இடமாகச் சுற்றளவு எடுத்து, குறைந்த எதிர்ப்புள்ள வடிவம் இதுதான் என்று குறித்துவைத்தார். நீளம் குறுக்களவைப்போல் நாலரை மடங்கு இருந்தால் உத்தமம் என்பது பின்னால் வந்த கணக்கு. டால்பின், சூரை எல்லாம் மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் இருக்கின்றன.

சரி, வடிவத்தால் இழுவை குறைந்தது. ஆனால் மீன் கட்டை மாதிரி மிதந்துபோவதில்லையே, வாலை ஆட்டுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

வால் ஒரு பக்கம் வீசும்போது முனையில் ஒரு சுழல் கழன்று விழும். மறுபக்கம் வீசும்போது எதிர்த் திசையில் சுற்றும் இன்னொன்று. பார்த்தால் பாலத் தூணுக்குப் பின்னால் இருந்த அதே இரட்டை வரிசைதான். ஒரே ஒரு வித்தியாசம்: சுற்றும் திசை தலைகீழ். தூணின் சுழல்கள் இரண்டும் சேர்ந்து நடுவில் இருக்கும் தண்ணீரைத் தூணை நோக்கி இழுக்கின்றன. மீன் வாலின் சுழல்கள் நடுவில் இருக்கும் தண்ணீரைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. தண்ணீர் பின்னால் போனால் மீன் முன்னால் போகும். இழுவையைக் குறிக்கும் அதே அடையாளத்தை மீன் திருப்பிப்போட்டு உந்துதலாக ஆக்கிக்கொள்கிறது.

இதற்கு ஒரு எண் இருக்கிறது. நொடிக்கு எத்தனை வாலடி என்பதை வால் வீசும் அகலத்தால் பெருக்கி, நீந்தும் வேகத்தால் வகுக்க வேண்டும். ஸ்ட்ரூஹால் எண் என்று பெயர். வேகமாக நீந்தும் மீன், டால்பின், ஏன் பறக்கும் பறவைகள்கூடப் பெரும்பாலும் 0.2க்கும் 0.4க்கும் நடுவில்தான் நிற்கின்றன. குறைந்தால் சுழல்கள் தூரம் தூரமாக விழுந்து உந்துதல் போதாமல் போகும். கூடினால் தண்ணீரைக் கலக்குவதிலேயே சக்தி வீணாகும். இதைச் சரிபார்க்க லேப் வேண்டாம். கோட்டை அகழியிலோ தெளிந்த கிணற்றிலோ நிதானமாக நீந்தும் மீனைக் கரையிலிருந்து பாருங்கள். வால் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் மீன் தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முன்னே போயிருக்கும். வால் வீசும் அகலம் உடல் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒன்றை மூன்றில் இரண்டால் வகுத்தால் 0.3. மீனுக்கு வகுத்தல் தெரியாது, ஆனால் விடை சரியாக வருகிறது.

மீன் மார்க்கெட்டுக்குப் போகும்போது வால்களையும் கவனியுங்கள். ரோகு, கட்லாவுக்கு வால் நன்றாகப் பிளந்திருக்கும். இவை தொடர்ந்து நீந்தித் திரிபவை. விராலுக்கு வால் வட்டமாக, அகலமாக இருக்கும். அது செடிக்குள் பதுங்கி இருந்து ஒரே பாய்ச்சலில் இரையைப் பிடிக்கும் மீன். முதலில் உடம்பை அரைவட்டமாக வளைக்கும், அடுத்த கணம் நிமிரும். அந்த ஒரு உதறலில் அகன்ற வால் பெரிய தண்ணீர்க் கட்டியையே பின்னால் தள்ளிவிடும். பிடித்த விராலைத் தரையில் போட்டவர்களுக்கு அந்த உதறல் தெரிந்திருக்கும். முதுகுத் துடுப்புக்கும் வேலை உண்டு. அது தன் பங்குக்குச் சில சுழல்களைக் கழற்றிவிட, பின்னால் வரும் வால் அந்தச் சுழல்களுக்குள்ளேயே வீசித் தன் தள்ளலைக் கூட்டிக்கொள்கிறது என்று 2001 வாக்கில் நடந்த ஆய்வுகள் காட்டின.

இப்போது உங்கள் கலங்கலுக்கு வருவோம். அங்கே நிற்கும் கெண்டை, மேலே உங்கள் கண்ணுக்குத் தெரியும் வேகத்தோடு மல்லுக்கட்டுவதில்லை. முதல் காரணம் எளிது: தரையை ஒட்டிய தண்ணீரும் எல்லைப் படலம்தான். அடியில் வேகம் குறைவு, கல்லுக்குப் பின்னால் இன்னும் குறைவு. மீன் அந்த இடங்களைத் தேடிப்பிடித்து நிற்கும். தென்னிந்திய மலை ஓடைகளில் இதைக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோன மீன்கள் உண்டு. அடிப்பக்கம் தட்டையாக, தாடைக்குக் கீழே ஒட்டுறிஞ்சியோடு, பாறையிலேயே அப்பிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும்.

இரண்டாவது காரணம்தான் ஆச்சரியமானது. 2003இல் ஜேம்ஸ் லியாவோவும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஓடும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சிறு தூணை நட்டு, அதற்குப் பின்னால் டிரவுட் மீனை விட்டார்கள். ஊட்டி அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே, அந்த மீன்தான். தூணிலிருந்து இடமும் வலமுமாகக் கழன்றுவரும் சுழல்களுக்கு நடுவே மீன் உடம்பை வளைத்து வளைத்து நெளிந்துகொண்டு நின்றது. வழக்கமாக நீந்தும்போது அடிக்கும் தாளம் வேறு. இங்கே சுழல்கள் வரும் தாளத்துக்கு உடம்பு ஆடியது. தசைகளில் மெல்லிய மின்கம்பி வைத்துப் பார்த்தபோது, உடம்பின் முன்பகுதித் தசைகள் மட்டும் லேசாக வேலை செய்தன, மற்றவை ஏறக்குறைய ஓய்வில் இருந்தன.

அப்புறம் 2006இல் வெளிவந்தது இதைவிடப் பெரிய செய்தி. இறந்த டிரவுட்டை அதே மாதிரி தூணுக்குப் பின்னால் விட்டார்கள். உயிரில்லாத அந்த உடம்பு சுழல்களால் நெளிந்து நெளிந்து, ஓட்டத்தை எதிர்த்துத் தூணை நோக்கி முன்னேறியது! மந்திரம் எதுவும் இல்லை. சுழலில் சக்தி இருக்கிறது. நெகிழ்வான மீன் உடம்பு அதற்கு ஏற்றபடி வளைந்தால் அந்தச் சக்தியின் ஒரு பங்கு உந்துதலாக மாறுகிறது. ஆகவே கலங்கலில் கல்லுக்குப் பின்னால் கெண்டை அலட்டாமல் நிற்பதைப் பார்த்து வீரம் என்று சொல்ல மாட்டேன். கெட்டிக்காரத்தனம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஓடுகிற தண்ணீரின் காசிலேயே அது நிற்கிறது.

மேலே ஏறுவது வேறு கதை. அதற்குச் சொந்தத் தசை வேண்டும், சில நொடிக்குமேல் தாங்காது. அதனால்தான் ஒரு பாய்ச்சல், ஒரு கல் மறைவு, மறுபடி ஒரு பாய்ச்சல் என்று ஏறுகின்றன. (பையனைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனால் கரையிலேயே நில்லுங்கள். கலங்கலுக்குக் கீழே விழும் தண்ணீர் மடிந்து திரும்பிவரும் இடம் ஒன்று உண்டு. மேலே பார்த்தால் சாதுவாக நுரைத்துக்கொண்டிருக்கும், அகப்பட்டவனைச் சுவர்ப் பக்கமே திரும்பத் திரும்ப இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே அதில் போயிருக்கிறார்கள்.)

எந்தக் கல்லுக்குப் பின்னால் எப்படிப்பட்ட சுழல் என்று கலங்கிய தண்ணீரில் மீனுக்கு எப்படித் தெரியும்? கண்ணால் இல்லை. மீனின் பக்கவாட்டில், செவுளிலிருந்து வால்வரை புள்ளி வைத்த மாதிரி ஒரு கோடு போகும். செதில் சுரண்டுவதற்கு முன் ரோகுவைச் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். அந்த வரிசையில் இருக்கும் ஒவ்வொரு செதிலிலும் ஒரு நுண்ணிய துளை. ஜிலேபி மீனில் இந்தக் கோடு இரண்டு துண்டாக இருக்கும், முன்துண்டு மேலே, பின்துண்டு கீழே. துளைக்கு உள்ளே ஓடும் குழாயில் நுண்மயிர் கொண்ட உணர்செல்கள் இருக்கின்றன. தண்ணீரின் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதை அவை பிடிக்கும். தோலின் மேலேயே இருக்கும் வேறு சில, நீரின் வேகத்தை உணரும். மெக்சிகோவின் குகைகளில் கண்ணே இல்லாத ஒரு மீன் இதை வைத்தே சுவரில் முட்டாமல் திரிகிறது. மீன் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது என்றால், கட்டுப்படுத்துவதற்கு முன் அதை உடம்பு முழுவதும் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இனி வழவழப்பு. பையன் முழுக்கத் தவறு இல்லை, ஆனால் கெண்டைக்கு அது பொருந்தாது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைத் தண்ணீரில் மிகக் கொஞ்சம், பத்து லட்சத்தில் சில பங்கு கலந்தாலே, கொந்தளித்து ஓடும் ஓட்டத்தில் உராய்வு பெரிய அளவில் குறையும். டாம்ஸ் என்பவர் 1940களில் கண்டது. இன்றைக்கு எண்ணெய்க் குழாய்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சில மீன்களின் கோழையும் இதே வேலையைச் செய்யும். சீலா மீனின் கோழையைக் கரைத்துக் குழாயில் விட்டபோது உராய்வு பாதிக்கும் மேல் குறைந்ததாக 1971இல் வெளியிட்டார்கள். ஆனால் இந்த வித்தை கொந்தளிப்பான ஓட்டத்தில்தான் பலிக்கும். சாண் நீளக் கெண்டை நிதானமாகப் போகும்போது அதன் மேல் ஓடுவது பெரும்பாலும் சீரான படலம். அங்கே கோழையால் நீச்சலுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆதாயம் இல்லை. கிருமி ஒட்டாமல் இருக்கவும், உப்பும் நீரும் உடம்பில் சமமாக இருக்கவும், பிடித்தவன் கையிலிருந்து நழுவவும்தான் அது முக்கியமாக உதவுகிறது.

சுறாத் தோல் விஷயத்தில் விளம்பரம் அறிவியலை விஞ்சிவிட்டது. சுறாவின் தோலில் பல் மாதிரியான பொருளால் ஆன நுண்செதில்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள். வேகமான சுறாக்களில் இரண்டு மேட்டுக்கு நடுவே 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்த வரிகளைத் தட்டையான பரப்பில் செய்து பார்த்தால், கொந்தளிப்பான ஓட்டத்தில் உராய்வு 8 முதல் 10 விழுக்காடு வரை குறையும். இது உண்மை. கொந்தளிப்பின் குறுக்கு அசைவுகளை வரிகள் தடுக்கின்றன. லுஃப்தான்சாவின் சரக்கு விமானங்களில் இப்படிப்பட்ட படலத்தை ஒட்டிச் சுமார் ஒரு விழுக்காடு எரிபொருள் மிச்சம் பிடிக்கிறார்கள். விமானத்துக்கு ஒரு விழுக்காடு பெரிய காசு.

நீச்சல் உடை வேறு. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுறாத் தோல் என்று சொல்லி வந்த துணியை, ஹார்வர்டின் ஜார்ஜ் லாடரும் யோஹானஸ் ஓஃப்னரும் பின்னால் சோதித்தார்கள். நெளியும் தகட்டில் ஒட்டி நீந்தவிட்டபோது அதன் வரிகளால் பயன் தெரியவில்லை. அசல் சுறாத் தோலை ஒட்டியபோது, செதிலைத் தேய்த்து வழித்த தோலைவிடச் சுமார் 12 விழுக்காடு வேகம் கூடியது. நெளியாத தகட்டில் அந்த ஆதாயம் கிடைக்கவில்லை! ஆக, செதில் இழுவையைக் குறைப்பதோடு நிற்கவில்லை, தோல் நெளியும்போது அதன் மேல் உருவாகும் சுழலை இடம் மாற்றி உந்துதலையும் கூட்டுகிறது. 2012இல் வந்த முடிவு இது. 2008இல் பெய்ஜிங்கில் சாதனைகளைத் தகர்த்த உடைகள் வேலை செய்ததற்குக் காரணம் வேறு: உடம்பை இறுக்கிப்பிடித்து வடிவைச் சீராக்கின, கொஞ்சம் மிதப்பையும் கொடுத்தன. 2010 தொடக்கத்திலிருந்து அவற்றுக்குத் தடை.

சுறாவிலேயே இன்னொரு சங்கதி. மாக்கோ என்ற அதிவேகச் சுறாவின் விலாப் பக்கச் செதில்கள் அடிப்பகுதியில் தளர்வாகப் பொருந்தியிருக்கின்றன. எல்லைப் படலம் மந்தமாகித் திரும்பி ஓடத் தொடங்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்தத் திரும்பும் தண்ணீரே செதிலைத் தூக்கிவிடும். செதில் 50 பாகைவரை நிமிர்ந்து, அந்தத் தண்ணீர் மேற்கொண்டு முன்னே வராமல் தடுத்துவிடும். மூளை எதையும் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர் கெடப்போகும் இடத்தில் தண்ணீரே கதவைச் சாத்துகிறது. இந்தத் துறையில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

டால்பினைப் பற்றியும் ஒரு கட்டுக்கதை உலவுகிறது, பையன் எங்காவது படித்திருக்கக்கூடும். 1936இல் ஜேம்ஸ் கிரே என்ற இங்கிலாந்து விலங்கியலாளர், டால்பின் அந்த வேகத்தில் நீந்தத் தேவையான திறன் அதன் தசையால் தரக்கூடியதைப்போல் ஏழு மடங்கு என்று கணக்குப் போட்டார். அப்படியென்றால் தோலில் ஏதோ மாயம் இருக்கிறது என்று பல பேர் பல வருடம் தேடினார்கள். கோளாறு கணக்கின் தொடக்கத்திலேயே இருந்தது. சில நொடிப் பாய்ச்சலை, நெடுநேரம் உழைக்கும் தசையின் அளவோடு ஒப்பிட்டிருந்தார். பிற்காலத்தில் ஃபிராங்க் ஃபிஷ், திமதி வேய் போன்றவர்கள், நீரோட்டத்தை அளக்க வழக்கமாகப் பயன்படுத்தும் லேசரை டால்பினின் கண்ணில் அடிக்க முடியாது என்பதால் குமிழித் திரைக்கு நடுவே டால்பினை நீந்தவிட்டு, குமிழிகளின் அசைவிலிருந்து விசையை அளந்தார்கள். தசையே போதும் என்று தெரிந்தது. தோல் மாயம் தேவைப்படவில்லை.

கூன்முதுகுத் திமிங்கிலத்தின் நீண்ட துடுப்பின் முன்விளிம்பில் கரடுமுரடான முண்டுகள் உண்டு. வழவழப்பே எல்லாம் என்பவர்களுக்கு இதைக் காட்டலாம். முண்டுகளால் துடுப்பை இன்னும் செங்குத்தாகச் சாய்த்தாலும் தண்ணீர் பிரியாமல் ஒட்டியிருக்கிறது. காற்றை வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பிரியும் கோணம் சுமார் 40 விழுக்காடு தள்ளிப்போனது. அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்பு சட்டென்று வளைந்து திரும்ப முடிகிறது. பேரரசப் பெங்குவின் இறகுக்குள் காற்றை அடைத்துக்கொண்டு போய், பனிக்கட்டிக்கு மேலே பாயும் நேரத்தில் குமிழிகளாக விட்டு உடம்பைச் சுற்றிக் காற்றுப் போர்வை போட்டுக்கொள்கிறது. கடல்நாயின் மீசைமயிர் அலையலையாக இருப்பதால் அதன் பின்னால் சுழல் ஒழுங்காகக் கழலாது, மீசை தானாக நடுங்காது. ஆகவே மீன் விட்டுப்போன சுழல் தடத்தை அது கண்ணைக் கட்டிவிட்டாலும் பின்தொடரும்.

மேலே சொன்ன எதுவும் ரொம்பச் சின்ன உயிர்களுக்குப் பொருந்தாது. தண்ணீரின் கனம் ஜெயிக்கிறதா, பிசுபிசுப்பு ஜெயிக்கிறதா என்பதை ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1883இல் கொடுத்த எண் சொல்லும். உங்கள் கெண்டைக்கு அது சுமார் 80,000. தொட்டியில் துள்ளும் கொசுப்புழுவுக்குச் சில பத்துகள் முதல் சில நூறுவரை. குடல் பாக்டீரியாவுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. அதற்குத் தண்ணீர் என்பது, நம் பக்கத்து ஆலைகளில் கொப்பரையில் காய்ந்து இறுகும் வெல்லப்பாகுக்குள் நாம் இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. நீந்துவதை நிறுத்தினால் ஓர் அணுவின் அகலத்துக்கும் குறைவான தூரத்தில் அப்படியே நின்றுவிடும். அங்கே வாலை இப்படியும் அப்படியும் ஆட்டினால், முன்னே போன அளவு அப்படியே பின்னே வந்துவிடும். இதை 1970களில் விளக்கியவர் எட்வர்ட் பர்செல். அதனால் பாக்டீரியா தன் இழையைத் திருகாணியாக வைத்துச் சுற்றிக்கொண்டே போகிறது. மீன்வடிவம் அதற்கு எந்த உதவியும் செய்யாது.

கடைசியாகக் கண்காட்சி. செலவு இல்லாமல் செய்யலாம். அடி கறுப்பான ஒரு பெரிய தட்டு அல்லது டிரே எடுத்து, இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, அசைவு அடங்கிய பிறகு முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். பவுடர் படலமாகக் கட்டிக்கொள்ளாமல் கொஞ்சமாக இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள மார்க்கர் பேனாவைச் செங்குத்தாக நிறுத்தி, நொடிக்கு நாலைந்து சென்டிமீட்டர் வேகத்தில் நேராக இழுங்கள். பின்னால் இடமும் வலமுமாகச் சுழல்கள் விழும். ஒரே பக்கத்துச் சுழல்களுக்கு நடுவே பேனாவின் தடிமனைப்போல் நாலைந்து மடங்கு இடைவெளி இருக்கிறதா என்று அளவுகோலால் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, குளியல் சோப்பிலிருந்து அதே ஒரு சென்டிமீட்டர் தடிமனில், ஒரு முனை உருண்டையாகவும் மறுமுனை நீளமாக மெலிந்தும் ஒரு துண்டைச் செதுக்குங்கள். சோப்பு பட்டால் பவுடர் விலகி ஓடும், அதனால் அதன் மேல் மெழுகை உருக்கித் தடவிக்கொள்ள வேண்டும். இதை உருண்டை முன்னால் வரும்படி இழுத்தால் பின்னால் ஒரு மெல்லிய கோடுதான். அதே துண்டைத் திருப்பி, கூர்முனை முன்னால் வரும்படி இழுத்தால் சுழல்கள் திரும்ப வந்துவிடும். உங்கள் மகன் சொன்ன கூர்மூக்குக் கதைக்கு இதுவே பதில். மூன்றாவதாக, பழைய வாட்டர் பாட்டிலில் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, முன்னே நகர்த்திக்கொண்டே இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள். நடுவில் பவுடர் பின்னோக்கிப் பாய்வது தெரியும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் பழைய சுழலும் புதுச் சுழலும் கலந்துபோகும். ஃபேனை நிறுத்திவிடவும் மறக்க வேண்டாம்.